முத்திரையும் வடிவும்: பழைய ஆங்கில வெள்ளிக் கரண்டிகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கலைப்பொருளின் மதிப்பை அளக்கும் கோல் யாது என்னும் வினா, பெருங்கோயில்களையும் ஓவியங்களையும் பற்றிப் பேசும்பொழுது மட்டும் எழுவதன்று. கைக்குள் அடங்கும் ஒரு கரண்டியைப் பற்றிப் பேசும்பொழுதும் அது எழுகின்றது. சிறுபொருளில் அவ்வினா கூர்மையடைகின்றது என்றுங்கூடச் சொல்லலாம். பெருங்கலைப் படைப்பைப் புகழுமிடத்துப் பல காரணங்களை அடுக்கிக் கூறி நாம் தப்பித்துக்கொள்ளுதல் கூடும். கரண்டியிலோ காம்பும் குழியும் அன்றி வேறொன்றுமில்லை. அது நன்றாயிருந்தால் ஏன் நன்றாயிருக்கின்றது என்பதற்கு அவ்விரண்டையுங் கொண்டே விடை கூறுதல் வேண்டும்.

இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈறாகச் செய்யப்பெற்ற வெள்ளிக் கரண்டிகள் இன்று பல நாடுகளிலும் சேகரிப்போரால் விரும்பித் தேடப்படுகின்றன. பெரிய வெள்ளிக் கலங்களை வாங்க இயலாதாரும் ஒரு தேக்கரண்டியையோ உப்புக்கரண்டியையோ வாங்குதல் கூடும். ஆதலால் இத்துறையில் ஈடுபட்டோர் தொகை பெரிது. இவர்களிற் பலர் ஒரு கரண்டியைக் கையிலெடுத்ததும் செய்யும் முதற்செயல், அதைக் குப்புறத் திருப்பி உருப்பெருக்கியால் முத்திரைகளைப் படிப்பதேயாகும். எந்நகரிற் செய்யப்பட்டது, எவ்வாண்டினது, எவருடைய பட்டடையிலிருந்து வந்தது என்னும் மூன்றுக்கும் விடை கிடைத்தவுடன் விலையும் முடிவாகிவிடுகின்றது. நன்றாகச் செய்யப்பட்டதா என்னும் நான்காம் வினா ஈற்றிலே கேட்கப்படுகின்றது, சிலபோது கேட்கப்படுவதேயில்லை. இம்முறை தக்கதா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் முத்திரையின் இயல்பை நோக்குவாம். தூய வெள்ளி மென்மையுடையது, நாட்கருமங்களுக்கு ஆகாது. எனவே அதனொடு செம்பு கலத்தல் வழக்கம். எவ்வளவு கலக்கலாம் என்பதில் வஞ்சனைக்கு இடமுண்டு. இவ்வஞ்சனையைத் தடுப்பதற்கே 1300ஆம் ஆண்டில் முதலாம் எட்வேட் மன்னன் காலத்துச் சட்டம் தோன்றியது. பன்னிரண்டு அவுன்ஸ் கொண்ட ஓர் இறாத்தலில் 11 அவுன்ஸும் 2 பெனிவெயிற்றும் தூய வெள்ளியாயிருத்தல் வேண்டும் என்பது ஸ்ரேலிங் மாற்று. அதாவது ஆயிரத்தில் 925 பங்கு. அதற்குச் சான்றாகச் சிறுத்தையின் தலை பொறிக்கப்படலாயிற்று. 1363இல் ஒவ்வொரு கொல்லனும் தனக்குரிய குறியை இடல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 1478 முதல் இலண்டன் மாநகரில் ஆண்டெழுத்து வழங்கியது. 1544இல் நடக்கும் சிங்கத்தின் உருவம் சேர்ந்தது.

இவற்றுள் ஆண்டெழுத்தைச் சற்றே ஆழ்ந்து நோக்குதல் நலம். ஒவ்வோராண்டும் மாறிவரும் அவ்வெழுத்து, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் சேகரிப்போன் கரண்டியின் வயதை அறிந்து மகிழ்தற்பொருட்டு ஏற்பட்டதன்று. மாற்றுக் குறைந்த வெள்ளி முத்திரை பெற்றுவிட்டால், அதைச் சோதித்த அதிகாரி யார் என்று கண்டுபிடித்துப் பொறுப்பாக்குவதற்கே அது ஏற்பட்டது. 1784இலிருந்து 1890 வரை பொறிக்கப்பட்ட அரசர் தலையும் அத்தகையதே. சேகரிப்போர் அதனைக் கண்டு அகமகிழ்வர். ஆனால் அது அவுன்ஸுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட தீர்வையைக் கட்டியாயிற்று என்பதற்கான பற்றுச்சீட்டேயன்றி வேறன்று. 1697இலிருந்து 1720 வரை ஸ்ரேலிங் மாற்றினும் உயர்ந்த, ஆயிரத்தில் 958 பங்குக்குச் சற்றே மேற்பட்ட வெள்ளி கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளி நாணயங்களை உருக்கிக் கலஞ்செய்யும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் கருத்து. அக்காலத்துப் பிரித்தானியா உருவமும் நாணயப் பாதுகாப்பின் சின்னமேயாகும்.

ஆகவே முத்திரை என்பது காவலனுடைய சொல், கலைஞனுடைய சொல்லன்று. உலோகம் இத்தகையது, இவ்விடத்தே சோதிக்கப்பட்டது, இவ்வாண்டிலே சோதிக்கப்பட்டது என்பவற்றை அது கூறும். அழகைப் பற்றி அது வாய் திறவாது. நம்மவர் இவ்வேறுபாட்டை நன்கறிவர். நகைசெய்விக்கும்போது பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும், செய்கூலியை வேறாகக் கணக்கிடுவதும் நம்மிடை நெடுங்காலமாக உள்ள வழக்கு. மாற்று உயர்ந்ததாயினும் வேலை தாழ்ந்ததாயிருக்கலாம் என்பது அவ்வழக்கினுள்ளே அடங்கிய உண்மை. ஆங்கில வெள்ளியைச் சேகரிப்போர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர்.

இம்மயக்கம் எவ்வாறு தோன்றியது? 1863இல் சாபர்ஸ் என்பார் பொன் வெள்ளி முத்திரைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். 1905இல் ஜக்சன் என்பார் ஆங்கிலப் பொற்கொல்லரையும் அவர்தம் குறிகளையும் விரிவாக ஆராய்ந்து பெருநூல் ஒன்று தந்தார். இவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. முன்னர் ஊகத்தால் மட்டும் அறியப்பட்ட காலமும் இடமும் இவர்களாலே தெளிவாயின. ஆனால் அட்டவணை கையில் வந்தவுடன், கண்ணின் வேலையை அட்டவணையே செய்யும் என்னும் எண்ணமும் உடன் வந்தது. பொருளைப் படிப்பது கடினம். அதன்மேற் பொறித்த எழுத்தைப் படிப்பது எளிது. எளிய வழியே பெருவழியாயிற்று.

கொல்லனுடைய குறியிலேதான் இம்மயக்கம் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஹெஸ்ரர் பேற்மன் என்னும் அம்மையார், கணவர் 1760இல் இறந்தபின், 1761இல் தம் பெயரின் முதலெழுத்துக்களை இலண்டனிற் பதிவுசெய்து பட்டடையைத் தாமே நடத்தினார். 1790 வரை அத்தொழிலை வளர்த்து, மக்களிடமும் மருமகளிடமும் ஒப்புவித்தார். கைம்பெண்ணொருத்தி அக்காலத்தில் இத்துணைப் பெரிய தொழிலகத்தை நடத்தியது வியக்கத்தக்கதே. ஆனால் அவருடைய குறி உள்ள கரண்டிக்கு அதையொத்த பிறர் கரண்டியினும் மிகுந்த விலை கொடுப்போர், அதை அவ்வம்மையாரே பட்டடையில் வைத்து அடித்தார் எனக் கருதுவராயின் அது பிழை. அக்குறி பட்டடைக்குரியவரின் பொறுப்பைக் காட்டுவது. சுத்தியல் பிடித்த கையைக் காட்டுவதன்று. இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டு முத்திரைச் சட்டமும் இதனைச் செய்தோன் குறி என்னாது, பொறுப்பேற்போன் குறி என்னும் பொருள்படவே வழங்குகின்றது. வாழ்க்கை வரலாற்றுக்கு உரிய மதிப்பை வரலாற்றுக்கு அளிப்போம். கரண்டிக்கு உரியதைக் கரண்டியே ஈட்டிக்கொள்ளல் வேண்டும்.

முத்திரை தெளிவாயிருப்பதற்கு மேலதிக விலை கொடுக்கும் வழக்கமும் இங்ஙனமே ஆராயத்தக்கது. ஏறக்குறைய 1780 வரை கரண்டிகளில் முத்திரைகள் குழிக்கு அண்மையில், காம்பின் ஒடுங்கிய பகுதியிலே பொறிக்கப்பட்டன. அவ்வாறு பொறித்தபின் நெளிந்த காம்பைக் கொல்லன் மீண்டும் அடித்து நேராக்க, முத்திரைகள் நசுங்கி மங்கின. அதன் பின்னரே அவை காம்பின் அகன்ற மேற்பகுதிக்கு ஏறித் தெளிவுபெற்றன. எனவே முந்திய கரண்டி ஒன்றில் முத்திரை நசுங்கியிருத்தல் பெரும்பாலும் இயல்பே. நசுங்காத முத்திரைக்குப் பணத்தை அள்ளிக் கொடுப்போன், சோதனைக் கூடத்தில் முத்திரையடித்த ஊழியனுடைய கைத்திறத்துக்கே பரிசளிக்கின்றான்.

இனி வடிவை நோக்குவாம். வடிவின் வரலாறே இக்கரண்டிகளின் உண்மையான வரலாறு. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலக் கரண்டியின் குழி அத்திப்பழ வடிவினது. காம்பு மெலிந்து பலகோணமாயிருக்கும். அதன் முடிவிலே ஒரு குமிழோ உருவமோ அமைந்திருக்கும். கருவாலிக்கொட்டை, கன்னியின் தலை, அமர்ந்த சிங்கம் எனப் பலவகை. இவற்றுள் பெயர் பெற்றவை அப்போஸ்தலர் கரண்டிகள். இயேசுவும் பன்னிரு அப்போஸ்தலரும் சேரப் பதின்மூன்று கொண்டது முழுத்தொகுதி. பேதுருவுக்குத் திறவுகோல், அந்திரேயாவுக்குக் குறுக்குச் சிலுவை என ஒவ்வொருவரும் தத்தம் சின்னத்தால் அறியப்படுவர். குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோர் இக்கரண்டிகளைப் பரிசளித்தல் மரபு. செகப்பிரியரின் எட்டாம் ஹென்றி நாடகத்திலே இவ்வழக்கத்தைச் சுட்டி ஒரு நகைச்சொல் வருவதைக் கற்றோர் அறிவர். அக்காலத்தில் விருந்துக்குச் செல்வோர் தத்தம் கரண்டியைத் தாமே கொண்டுசெல்வர். ஆகவே அது ஒருவனுக்கு உரிய பொருள். அதன் உச்சியில் அவன் வணங்கும் அடியாரின் உருவம் நிற்றல் பொருத்தமே.

1660இல் இரண்டாம் சாள்ஸ் மன்னன் நாடு திரும்பியபின் பிரான்சிய வழக்கங்கள் பரவின. காம்பு தட்டையாயிற்று, அதன் தலைப்பு அகன்று இரு பிளவுகளால் முக்கூறாயிற்று, குழி முட்டை வடிவை நோக்கி நீண்டது. குமிழ் நீங்கியது. காம்பு குழியோடு சேருமிடத்திலிருந்து, குழியின் அடிப்புறத்தே மெலிந்துசெல்லும் ஒரு விலாவெலும்பு போன்ற கோடு தோன்றியது. இதனை ஆங்கிலேயர் எலிவால் என்பர். பாரம் தாங்கும் இடம் அதுவே. கரண்டி முறியுமாயின் அவ்விடத்திலேயே முறியும். அங்கே உலோகத்தைத் தடிப்பாக விட்டு, அத்தடிப்பையே அழகிய கோடாகக் கூர்ந்துசெல்லச் செய்தான் கொல்லன். வலிமையும் அணியும் வேறு வேறன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழங்கிய ஹனோவேரியன் என்னும் அமைப்பில் காம்பின் தலைப்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அக்காலத்தில் மேசையிலே கரண்டியைக் குழி கவிழ்ந்திருக்க வைப்பர். அதனாலே குலச்சின்னம் காம்பின் பின்புறத்தே பொறிக்கப்பட்டது. குழியின் முதுகிலே சங்கு, சுருள், பறவை முதலிய புடைப்புருவங்கள் இடம்பெற்றதும் இக்காரணம்பற்றியே. கூட்டினின்று விடுபட்ட பறவையின் உருவத்தோடு, விடுதலையை நேசிக்கின்றேன் என்னும் பொருள்படும் சொற்கள் பொறித்த தேக்கரண்டிகள் உள. 1760களில் ஜோன் வில்க்ஸ் எழுப்பிய அரசியற் கிளர்ச்சியோடு இவற்றைத் தொடர்புபடுத்துவர். விருந்தினன் அமர்ந்தவுடன் அவன் கண்ணில் முதற்படுவது கரண்டியின் முதுகாதலின், முதுகிலே செய்தி எழுதப்பட்டது. அணிக்கு ஒரு முகவரி இருந்தது என்க.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கு மாறியது. கரண்டியைக் குழி மேல்நோக்க வைக்கலாயினர். அதற்கேற்பக் காம்பின் தலைப்பு கீழ்நோக்கி வளைந்தது. குலச்சின்னம் முன்புறத்துக்கு வந்தது. முதுகுச்சித்திரம் மெல்ல மறைந்தது. ஓல்ட் இங்கிலிஷ் என்று வழங்கும் இவ்வமைப்பே ஆங்கிலக் கரண்டியின் வளர்ச்சியில் உச்சம் எனக் கூறத் துணியலாம். குழியினின்று எழும் காம்பு ஒடுங்கிப் பின் அகன்று வட்டமாய் முடிகின்றது. மிகையான கோடு ஒன்றேனும் இல்லை. விரல் தங்குமிடம் அகலமாயும், வளையக் கூடிய இடம் தடிப்பாயும், வாய் தொடும் விளிம்பு மெல்லிதாயும் அமைந்துள்ளன. உலோகத்தை எங்கே வைத்தல் வேண்டும், எங்கே குறைத்தல் வேண்டும் என்பதைச் சுத்தியல் அறிந்திருந்தது. பின்னர் உருளையாலும் அச்சாலும் கரண்டி செய்யும் முறை பெருகியபோது பல கரண்டிகள் இந்நுண்மையை இழந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரும்பப்பட்ட கிங்ஸ் என்னும் அமைப்பின் சங்குகளும் இலைகளும் கைக்குப் பாரமாயும் கண்ணுக்குச் செழிப்பாயும் உள்ளன. ஆயினும் அவற்றை வேறொரு பொருளின்மீது பதித்தாலும் அவ்வாறே இருக்கும். கரண்டியிலிருந்து அவை பிறக்கவில்லை.

இவ்வாறு கூறுவதால், அணி யாவும் தீது என்பது எம் கருத்தன்று. தேயிலைப் பெட்டியினின்று இலையை அள்ளுதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பெற்ற சிறு கரண்டிகளைக் காண்க. தேயிலைப் பெட்டியின் ஆங்கிலப் பெயர் மலாய் மொழியின் கற்றி என்னும் நிறைப்பெயரினின்று பிறந்தது. 1773இல் சோதனைக் கூடம் பெற்ற பேர்மிங்காம் நகர் இக்கரண்டிகளுக்குப் பெயர் பெற்றது. சங்கு, இலை, கழுகின் சிறகு, குதிரையோட்டியின் தொப்பி என அவற்றின் வடிவங்கள் பல. தொப்பியின் உட்குழிவு தேயிலையை ஏந்த, அதன் முன்விளிம்பு பிடியாகின்றது. இங்கே வேடிக்கை பயனைக் கெடுக்கவில்லை. பயனிலிருந்தே வேடிக்கை முளைத்தது. உப்புக்கரண்டியின் குழிக்கும் முட்டைக்கரண்டியின் குழிக்கும் பொன்முலாம் பூசியதும் ஆடம்பரத்துக்காக மட்டுமன்று. உப்பு வெள்ளியை அரிக்கும். முட்டையிலுள்ள கந்தகம் அதனைக் கறுப்பிக்கும்.

இவற்றுக்கு நேர்மாறாகக் கனிக்கரண்டிகள் எனப்படுவனவற்றைக் கருதுக. விக்ரோரியா மகாராணியின் காலப் பிற்பகுதியில் எளிமை ஏளனத்துக்குள்ளாயிற்று. நூறாண்டுக்கு முன் செய்த எளிய மேசைக்கரண்டிகளை எடுத்து, அவற்றின் குழிகளிலே கனிகளும் இலைகளும் புடைத்தெழ அடித்து, காம்பிலே பூவேலை செதுக்கி, பொன்முலாம் பூசிப் பட்டுப்பெட்டியில் வைத்து விற்றனர். ஒருகாலத்தில் குழம்பை ஏந்திய மழமழப்பான குழி, இப்போது எதையும் ஏந்தி எளிதிற் கழுவப்பட முடியாத மேடுபள்ளமாயிற்று. அதன் பழைய மெருகும் அளவும் என்றென்றைக்குமாக அழிந்தன.

இங்கேதான் முத்திரையை மட்டும் நம்பும் முறையின் குறை முழுமையாக வெளிப்படுகின்றது. அக்கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் சிறுத்தையின் தலையும், சிங்கமும், 1780ஆம் ஆண்டுக்குரிய எழுத்தும் மாசின்றி விளங்கும். அவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. உலோகமும் அவ்வாண்டினதே; பட்டடையும் அதுவே. ஆனால் கரண்டி அக்காலத்ததன்று. முத்திரை மெய்பேச, பொருள் பொய்பேசுகின்றது. முத்திரையை மட்டும் படிப்போன் பதினெட்டாம் நூற்றாண்டின் அணிவேலை என மயங்குவான். வடிவைப் படிக்கத் தெரிந்தவனோ, ஓல்ட் இங்கிலிஷ் கரண்டியின் அமைதியான காம்புக்கும் இப்புடைப்புக்கும் உறவில்லை என்பதை அட்டவணையைத் திறவாமலே அறிவான்.

கள்ளவேலை செய்வோர் சேகரிப்போருடைய இப்பலவீனத்தை நன்கறிவர். எளிய பழங்கரண்டியின் குழியை அத்தி வடிவாக அடித்து, காம்பின் முடிவிலே வார்த்த உருவமொன்றை ஒட்டி, அப்போஸ்தலர் கரண்டியாக்குதல் ஒரு வழி. பழைய முள்ளுக்கரண்டிகள் கரண்டிகளினும் அருகியே எஞ்சியுள்ளனவாதலின், மேசைக்கரண்டியின் குழியை வெட்டி முட்களாக்குதல் மற்றொரு வழி. இவ்விரண்டிலும் முத்திரை உண்மையானதாகவே இருக்கலாம். உண்மைத்தன்மையைக் காப்பதற்கென ஏற்பட்டதே பொய்க்குப் போர்வையாகின்றது. 1757ஆம் ஆண்டுச் சட்டம் போலி முத்திரை இடுவோர்க்கு மரண தண்டனை விதித்தது. ஆயினும் மெய்முத்திரையின் நிழலிலே பொய்வடிவம் செய்வோனை அறிந்துகொள்ள வாங்குவோனின் கண்ணே வேண்டும்.

தேய்வைப் பற்றியும் ஒரு சொல். பலகாலம் வழங்கிய கரண்டியின் குழிநுனி, உண்போர் பெரும்பாலும் வலக்கையால் எடுத்துத் தட்டில் உரசுதலின், இடப்பக்கத்தே சாய்வாகத் தேய்ந்திருக்கும். இதனைக் குறையெனக் கருதி அரத்தால் அராவி நுனியை ஒழுங்காக்குவர் சிலர். பழைய குலச்சின்னத்தைத் தேய்த்தழிப்பாரும் உளர். அவ்விடத்தை விரலால் தடவினால் மெலிவு தெரியும். தேய்வு குறையாயினும் மெய்யான குறை. திருத்தமோ நிறைவுபோலத் தோன்றும் பொய். தேய்ந்த கரண்டி தன் வடிவில் ஒரு சிறு பகுதியையே இழக்கின்றது; திருத்திய கரண்டி தன் அளவையும் வரலாற்றையும் ஒருங்கே இழக்கின்றது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். வடிவை அறிதல் நெடுநாட் பயிற்சியால் வருவது. எளிய மக்கள் ஏமாறாது வாங்குதற்கு முத்திரையன்றோ துணை? வடிவமும் பலகாலம் பின்பற்றப்படுவதாதலின், அதனால் மட்டும் காலத்தைத் துணிதல் இயலுமா? இம்மறுப்பில் உண்மையுண்டு. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக வாங்குவோனைக் காத்துவரும் இவ்வமைப்புக்கு இணையான பிறிதொன்றைக் கூறுவது எளிதன்று. முத்திரையைத் தள்ளிவிடுக என யாம் கூறவில்லை. அது சாட்சி, சாட்சியை நீதிபதியின் இருக்கையில் ஏற்றிவிடலாகாது என்பதே எம் கருத்து. முத்திரையும் வடிவும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கும்போது துணிவு பிறக்கின்றது. இரண்டும் முரணுமிடத்து வடிவையே வினாவுதல் வேண்டும். ஏனெனில் முத்திரை தான் பிறந்த நாளை மட்டும் அறியும், அதன்பின் நிகழ்ந்ததை அறியாது.

இது சேகரிப்போரின் பொழுதுபோக்கோடு முடிந்துவிடும் செய்தியுமன்று. 1980ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளியின் விலை அவுன்ஸ் ஒன்றுக்கு ஐம்பது டொலரை அணுகியபோது, பழைய வெள்ளிப் பொருள்கள் பல உருக்குலைக்கு அனுப்பப்பட்டன. புகழ்பெற்ற குறியும் அரிய ஆண்டெழுத்தும் உள்ளவை பிழைத்தன. பெயரறியாக் கொல்லன் செவ்வையாக அடித்த எளிய கரண்டி, நிறைக்கு விலைபோயிற்று. மாற்றையும் பெயரையும் மட்டுமே மதிக்கும் கண்ணுக்கு அதனிடத்தில் உலோகமன்றி வேறொன்றும் தெரியவில்லை. இவ்வகையில் திறனாய்வு வெறுஞ்சொல்லன்று. எப்பொருள் எஞ்சும், எப்பொருள் அழியும் என்பதை அது முடிவுசெய்கின்றது.

ஆதலால் பழைய வெள்ளிக் கரண்டியைச் சேகரிக்கப் புகுவோர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளல் நன்று. முதலில் அதனைக் கையில் ஏந்துக. பாரம் எங்கே தங்குகின்றது என உணர்க. பின் காம்பு குழியோடு சேரும் இடத்தை நோக்குக. குழியின் விளிம்பை விரலால் தடவி, தேய்ந்துள்ளதா, அராவப்பட்டுள்ளதா எனக் காண்க. அணி இருக்குமாயின், அது எவர் கண்ணுக்காக, எக்காரணத்தால் அவ்விடத்தே நின்றது என வினாவுக. இவை யாவும் முடிந்தபின் உருப்பெருக்கியை எடுத்து முத்திரையைப் படிக்கலாம். அப்போது அது நாம் கண்டதை உறுதிப்படுத்தும், அல்லது நாம் காணத் தவறியதைச் சுட்டும்.